கம்ப்யூட்டருக்குள் ஒரு நூம்பல் சிக்னல்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "புரோகிராம், புரோகிராம் என்கிறார்களே, அது என்ன?" என்பதுதான். சாஃப்ட்வேர் இன்ஜினியராக வேலை பார்ப்பதால் இந்தக் கேள்வியிலிருந்து நான் தப்பிக்கவே முடியாது. நான் சொல்லும் பதிலும் எப்போதும் ஒன்றுதான். "மெயின் ரோட்டுக்குப் போய், சிக்னலைப் பத்து நிமிடம் பாருங்கள். நீங்கள் பார்ப்பதுதான் புரோகிராம்!"

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கிழக்கு மேற்காக வரும் வண்டிகளுக்கு 60 வினாடி பச்சை. பிறகு 3 வினாடி மஞ்சள். பிறகு எல்லாப் பக்கமும் 2 வினாடி சிவப்பு. அதன்பின் வடக்கு தெற்குக்கு 30 வினாடி பச்சை. மறுபடி மஞ்சள், மறுபடி எல்லாம் சிவப்பு, மறுபடி ஆரம்பத்திற்கே. இப்படி ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு விதிப்படி மாறிக்கொண்டே இருப்பதற்கு ஃபைனைட் ஸ்டேட் மெஷின் என்று பெயர். இன்ஜினியரிங் கல்லூரியில் இந்தப் பாடத்தை நடத்தும் எந்தப் பேராசிரியரும் போர்டில் முதலில் வரைவது டிராஃபிக் சிக்னலைத்தான்.

ஆனால் கல்லூரியில் சொல்லித்தராத ஒரு விஷயம் இருக்கிறது. ஒரே புரோகிராம் ஊருக்கு ஊர் வேறு வேறு விதமாக 'ரன்' ஆகிறது! அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கடைசியில், உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே உங்கள் தெருமுனையை ஓட்டிப் பார்க்கும் ஓர் இலவச சாஃப்ட்வேரையும் அறிமுகப்படுத்துகிறேன்.

மூன்று ஊர், ஒரே சிவப்பு

நான் இருப்பது நூம்பலில். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியை ஒட்டிய ஊர். தேசிய நெடுஞ்சாலை 4 என்று நாம் பழகிய இந்தச் சாலைக்கு 2010-ல் எண் மாற்றிவிட்டார்கள், இப்போது 48. பெங்களூரு, மும்பை வழியாக டெல்லி வரை போகிறது. ஆக எங்கள் ஊர் வாசலில் ஒரே நேரத்தில் ஸ்ரீபெரும்புதூர் போகும் கன்டெய்னர் லாரி, தண்ணீர் லாரி, காலேஜ் பஸ், ஷேர் ஆட்டோ, திருவேற்காடு கருமாரியம்மன் கோவிலுக்கு ஒரே பைக்கில் போகும் நான்கு பேர் குடும்பம் எல்லாம் இருக்கும். ராங் சைடில் வரும் ஒரு மீன்பாடி வண்டியும் நிச்சயம் உண்டு.

வேலை காரணமாக ஒரு வருடம் சிங்கப்பூரிலும், ஆறு மாதம் அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலும் இருந்தேன். மூன்று இடத்திலும் அதே சிவப்பு, மஞ்சள், பச்சைதான். அர்த்தம்தான் கொஞ்சம் கொஞ்சம் மாறியது.

நியூ ஜெர்சியில் சிவப்பு விழுந்தாலும் வலது பக்கம் திரும்பலாம். முழுதாக ஒருமுறை நின்று, யாரும் வரவில்லை என்று பார்த்துவிட்டுப் போகவேண்டும். 'கூடாது' என்று போர்டு இருந்தால் மட்டும் முடியாது. 1970-களில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, சும்மா நின்று எண்ணெயை எரிப்பதைக் குறைக்க அமெரிக்கா முழுவதும் பரவிய வழக்கம் இது. பக்கத்திலேயே இருக்கும் நியூயார்க் நகரத்துக்குள் போனால் கதை தலைகீழ். அங்கே 'திரும்பலாம்' என்று போர்டு இருந்தால்தான் திரும்பலாம். நம் ஊரில் 'ஃப்ரீ லெஃப்ட்' போர்டு இருக்கிறதே, அதைப்போல. நம் ஊரில் அந்த ஃப்ரீ லெஃப்டை மறித்துக்கொண்டு நேராகப் போகவேண்டிய வண்டிகள் நிற்கும் என்பது தனிக் கதை.

அமெரிக்காவில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது சிக்னலே இல்லாத சந்திப்புகள்தான். நான்கு பக்கமும் 'ஸ்டாப்' என்ற எண்கோணப் பலகை மட்டும் இருக்கும். முதலில் வந்து நின்றவர் முதலில் போகவேண்டும். இருவர் ஒரே சமயத்தில் வந்தால் வலது பக்கம் இருப்பவருக்கு முன்னுரிமை. போலீஸ் இல்லை, விளக்கு இல்லை, கேமரா இல்லை. இரவு பதினொரு மணிக்கு ஈ காக்கை இல்லாத தெருவில் ஒரு கார் தானாக நின்று, பிறகு கிளம்பிப் போவதைப் பார்த்திருக்கிறேன். கம்ப்யூட்டர் பாஷையில் சொன்னால், அங்கே புரோகிராம் கம்பத்தில் இல்லை, டிரைவர்களின் தலைக்குள் இன்ஸ்டால் ஆகியிருக்கிறது.

பூட்டானின் தலைநகர் திம்புவில் ஒரு சிக்னல் விளக்குகூட இல்லை. 1990-களில் ஒன்றை வைத்துப் பார்த்தார்கள். மக்களுக்குப் பிடிக்கவில்லை, எடுத்துவிட்டார்கள்! முக்கியச் சந்திப்பில் அலங்காரக் கூண்டுக்குள் நிற்கும் போலீஸ்காரரின் கை அசைவுதான் இன்றும் அங்கே சிக்னல்.

ஜப்பான்காரர்கள் பச்சை விளக்கை 'நீலம்' என்பார்கள். அவர்கள் மொழியில் பழைய காலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். கடைசியில் 1973-ல் அரசாங்கமே, பச்சையிலேயே எவ்வளவு நீலம் கலக்கமுடியுமோ அவ்வளவு கலந்து விளக்கு வைக்கச் சொல்லிவிட்டது. பெயருக்கு ஏற்றபடி பொருளை மாற்றியது என்றால் இதுதான்! இலங்கைத் தமிழர்கள் 'வீதிச் சமிக்ஞை விளக்கு' என்று அழகாகச் சொல்கிறார்கள். பாதசாரிகள் கடக்கும் இடம் அவர்களுக்கு 'மஞ்சள் கடவை'.

மஞ்சளின் கணக்கு

மூன்று விளக்கில் பாவப்பட்டது மஞ்சள்தான். அது ஏன் 3 வினாடி என்று யோசித்திருக்கிறீர்களா?

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதாவது ஒரு வினாடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர். மஞ்சளைக் கண் பார்த்து, மூளை புரிந்து, கால் பிரேக்கைத் தொட ஒரு வினாடி. அதற்குள் 14 மீட்டர் போய்விட்டது. பிறகு உள்ளே இருப்பவர் முன்னால் போய் முட்டாத அளவுக்கு நிதானமாகப் பிரேக் பிடித்தால் இன்னும் 32 மீட்டர். மொத்தம் 46 மீட்டர். ஆக, மஞ்சள் விழும்போது கோட்டுக்கு 46 மீட்டருக்கு அப்பால் இருந்தால் நிற்கவேண்டும். அதைவிடக் கிட்டத்தில் இருந்தால் நிற்கமுடியாது, போய்விட வேண்டும். அப்படிப் போவதற்கு 3.3 வினாடி தேவை. அதுதான் மஞ்சள். வேகமான சாலை என்றால் மஞ்சளும் நீளும்.

ஆக மஞ்சள் என்பது 'முடிந்தால் நில்' என்று சொல்லும் விளக்கு. நம் ஊரில் அதன் மொழிபெயர்ப்பு 'ஆக்சிலரேட்டரை முறுக்கு' என்று இருக்கிறது.

பிரிட்டனில் பச்சை விழுவதற்கு முன் சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து எரியும். 'தயாராகு, ஆனால் நகராதே' என்று அர்த்தம். இந்தியாவில் அந்த நிலை வழக்கத்தில் இல்லை. அந்த வேலையை நம் ஊரில் செய்வது வினாடி காட்டும் டைமர். சிவப்பில் 10, 9, 8 என்று எண் குறையும்போது ஆஃப் செய்த இன்ஜின்கள் உறுமத் தொடங்கும். 3 வரும்போது முன் வரிசை நகர்ந்திருக்கும். 1 வரும்போது பாதிச் சந்திப்பைத் தாண்டியிருப்பார்கள்!

இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். எல்லாப் பக்கமும் 2 வினாடி சிவப்பு என்று மேலே சொன்னேன் அல்லவா? சந்திப்பின் நடுவில் மிச்சம் இருக்கும் வண்டி வெளியேறுவதற்காக வைத்த இடைவெளி அது. ஒரு பக்கத்துக் கடைசி வண்டி 'இப்போதுதானே சிவப்பு விழுந்தது' என்று அதில் ஒரு வினாடியை எடுத்துக்கொள்கிறது. எதிர்ப்பக்கத்து முதல் வண்டி 'இதோ பச்சை விழப்போகிறது' என்று இன்னொரு வினாடியை எடுத்துக்கொள்கிறது. இருவருமே தனித்தனியாகப் பார்த்தால் ஒரே ஒரு வினாடிதான் திருடினார்கள். சேர்த்துப் பார்த்தால் மிச்சம் பூஜ்யம். விபத்து நடப்பது அந்தப் பூஜ்யத்தில்.

ஹெட்லைட் விஷயமும் இப்படித்தான். சின்னத் தெருவில் எதிரே வரும் கார் ஹெட்லைட்டை ஒருமுறை அடித்து அணைக்கிறது. லண்டனில் பெரும்பாலும் அதற்கு 'நீங்கள் முதலில் போங்கள்' என்று பொருள். நம் ஊரில் 'நான் வருகிறேன், நீ நில்' என்று பொருள். ஒரே சிக்னல், நேர் எதிர் அர்த்தம். லண்டனில் ஓட்டிப் பழகியவர் விடுமுறைக்கு வந்து நூம்பலில் கார் ஓட்டினால் என்ன ஆகும் என்று நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்.

ஹாரனை விட்டுவிட முடியுமா? லாரிகளின் முதுகில் 'ஹாரன் ப்ளீஸ்' என்று நாமே எழுதிவைத்த நாடு இது. மகாராஷ்டிர அரசு 2015-ல் அந்த வாசகத்தை எழுதக்கூடாது என்று உத்தரவு போட்டது. அதைவிட ருசியான வேலை ஒன்றை 2020-ன் தொடக்கத்தில் மும்பை போலீஸ் செய்தது. சில சிக்னல்களில் சத்தத்தை அளக்கும் டெசிபல் மீட்டரை இணைத்தார்கள். ஹாரன் சத்தம் 85 டெசிபலைத் தாண்டினால் சிவப்பின் டைமர் மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பிக்கும்! சிவப்பில் நிற்கும்போது ஹாரன் அடித்தால் பச்சை சீக்கிரம் வரும் என்று நம்புகிறவர்களுக்கு, ஹாரன் அடித்தால் பச்சை தள்ளிப்போகும் என்று காட்டிய புரோகிராம். ஒரு சாஃப்ட்வேர்க்காரனாக எனக்கு இதைப் படித்தபோது எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

உலகின் முதல் டிராஃபிக் சிக்னல் 1868 டிசம்பரில் லண்டன் பாராளுமன்றத்தின் அருகில் வைக்கப்பட்டது. வடிவமைத்தவர் ஜே.பி. நைட் என்ற ரயில்வே இன்ஜினியர். ரயில்வே கைகாட்டி மரம்போல இருக்கும். இரவில் கேஸ் விளக்கு எரியும். ஒரு மாதத்திலேயே கேஸ் கசிந்து வெடித்து, இயக்கிக்கொண்டிருந்த போலீஸ்காரர் காயமடைந்தார். அதோடு அந்த முயற்சி நின்றது. மின்சார சிக்னல் 1914-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் வந்தது. மூன்று நிறம் சேர்ந்தது 1920-ல் டெட்ராய்ட்டில். 1960-களில் கனடாவின் டொராண்டோ தன் சிக்னல்களைக் கம்ப்யூட்டரோடு இணைத்தது. நம் மேஜைமீது கம்ப்யூட்டர் வருவதற்குப் பல வருடம் முன்பே சாலைக்கு வந்துவிட்டது என்று பொருள்.

இன்று சிக்னல் அருகில் நடைபாதையில் ஒரு இரும்புப் பெட்டி நிற்கிறதே, அதற்குள் இருப்பது ஒரு சின்னக் கம்ப்யூட்டர்தான். அதற்குக் 'கன்ட்ரோலர்' என்று பெயர். அதற்குள் எனக்கு மிகவும் பிடித்த பாகம் 'கான்ஃப்ளிக்ட் மானிட்டர்'. ஒன்றுக்கொன்று குறுக்கிடும் பக்கங்களுக்கு ஒரே சமயத்தில் பச்சை போய்விடாமல் பார்த்துக்கொள்வதுதான் இதன் முக்கிய வேலை. முக்கியக் கம்ப்யூட்டர் குழம்பிப்போய் அப்படிச் செய்ய முயன்றால், இது குறுக்கிட்டு விளக்குகளை மின்னும் நிலைக்குத் தள்ளிவிடும். உங்கள் விண்டோஸ் ஏதாவது கோளாறில் 'சேஃப் மோட்' என்ற எளிய நிலையில் திறக்கிறது அல்லவா? அதே யோசனை. அடுத்தமுறை சிக்னல் வெறுமனே மஞ்சள் மின்னிக்கொண்டிருந்தால், ஒன்று இரவு நேரம், அல்லது அது சேஃப் மோடில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பழைய வகை கன்ட்ரோலருக்கு வெளியே நடப்பது எதுவும் தெரியாது. ஒரு வண்டிகூட இல்லாத பக்கத்துக்கும் கடமை தவறாமல் 30 வினாடி பச்சை தரும். புதிய வகைக்குக் கண் உண்டு. சிங்கப்பூரில் சாலையில் நிறுத்தக் கோட்டுக்கு அருகே தாருக்கு அடியில் கம்பிச் சுருள் புதைத்திருப்பார்கள். இரும்பு மேலே வந்தால் சுருளின் மின்தன்மை மாறும், வண்டி நிற்கிறது என்று தெரிந்துவிடும். இதைவைத்து நகரம் முழுவதும் சிக்னல் நேரத்தை மாற்றிக்கொண்டே இருக்கும் அமைப்புக்கு அங்கே 'கிளைட்' என்று பெயர். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 1970-களில் உருவான 'ஸ்காட்ஸ்' என்ற சாஃப்ட்வேர்தான் அதன் அடிப்படை.

நம் ஊரில் இதை அப்படியே கொண்டுவந்து புதைத்தால்? முதலில், சாலையைத் தோண்டாமல் ஒரு வருடம் விடவேண்டும்! அடுத்தது, வண்டிகள் தன் தன் லேனில் வந்து சுருளின்மேல் நிற்கவேண்டும். இரண்டு லேனில் நான்கு வரிசை நிற்கும் இடத்தில் சுருள் என்ன கணக்கைத் தரும்? அதனால்தான் இங்கே கேமரா பக்கம் போகிறார்கள். சென்னையிலும் ஜப்பானின் ஜெய்கா கடனுதவியில் இப்படி ஒரு திட்டம் நடக்கிறது. கூகுள் நிறுவனம் 2023-ல் அறிவித்த 'கிரீன் லைட்' திட்டத்தில் பெங்களூரு, ஹைதராபாத், கொல்கத்தா ஆகிய நகரங்கள் இருந்தன. சுருளும் வேண்டாம், கேமராவும் வேண்டாம், மேப்ஸ் ஓட்டத்திலிருந்தே எந்தச் சிக்னலில் எத்தனை வினாடி மாற்றலாம் என்று சொல்வதுதான் அந்தத் திட்டம்.

லேன் பிரச்சினை சாதாரணம் அல்ல, கணக்கே மாறுகிறது. மேலைநாட்டுப் புத்தகங்களில் பச்சை விழுந்தால் ஒரு லேனில் சுமார் 2 வினாடிக்கு ஒரு கார் போகும் என்று தொடங்குவார்கள். நம் ஊருக்கு லேன் கணக்கு சரிப்படாது. 1958-ல் வெப்ஸ்டர் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் தந்த முறையில் சாலையின் அகலத்தை வைத்துக் கணக்கிடலாம்: ஒரு மீட்டர் அகலத்துக்கு, பச்சை தொடர்ந்து எரிந்தால், மணிக்கு 525 கார். நம் நாட்டு இன்ஜினியர்கள் இதைத்தான் நெடுங்காலம் பிடித்துக்கொண்டார்கள். பைக்கை ஒரு காரில் பாதி அல்லது அதற்கும் கீழே என்றும், பஸ்ஸை இரண்டு மூன்று கார் என்றும் மாற்றிக்கொள்வார்கள். நாம் லேனை மதிப்பதில்லை என்று கணக்குப் புத்தகமே ஒப்புக்கொண்டுவிட்டது!

அம்மாவின் வினாடிகள்

இத்தனையும் வண்டிகளின் கதை. நடப்பவர்களின் கதைக்கு வருவோம். எனக்கு இதில் சொந்த அக்கறை இருக்கிறது. என் அம்மாவுக்கு 64 வயது, முழங்கால் வலி. வாரத்தில் மூன்று நாளாவது நெடுஞ்சாலையைக் கடக்கிறார்.

2022-ம் ஆண்டு இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். மத்திய அரசின் கணக்கு இது. அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நடந்து போனவர். அந்த வருடம் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு: 64,105.

பாதசாரிகளுக்குப் பச்சை நேரம் வைக்கும்போது ஒரு மனிதர் வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று எடுத்துக்கொள்வது பல நாடுகளில் வழக்கம். எங்கள் மொட்டைமாடியில் டேப் வைத்து 10 மீட்டர் அளந்து, அம்மாவை நடக்கச்சொல்லி, செல்போனின் ஸ்டாப்வாட்சில் பார்த்தேன். 13 வினாடி. கையில் காய்கறிப் பை இல்லாமல்.

உங்கள் கம்ப்யூட்டரில் எக்செல் இருந்தால் (இல்லாவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆஃபிஸ் கால்க் போதும்) இதை நீங்களும் போட்டுப் பார்க்கலாம். முதல் கட்டத்தில் சாலையின் அகலம். பக்கத்துக் கட்டத்தில் நடக்கும் வேகம். மூன்றாவது கட்டத்தில் சமக்குறி போட்டு, முதல் கட்டத்தை மவுஸால் க்ளிக் செய்து, வகுத்தல் குறியாகச் சாய்கோடு போட்டு, இரண்டாவது கட்டத்தை க்ளிக் செய்து என்டர் தட்டுங்கள். சர்வீஸ் ரோடும் சேர்த்துச் சாலை 30 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 1.2-க்கு விடை 25 வினாடி. வேகத்தை 0.77 என்று மாற்றுங்கள். விடை தானாக மாறி 39 வினாடி என்று வரும். நடுவில் இருக்கும் 14 வினாடி அம்மா லாரிகளுக்கு முன்னால் நிற்கும் நேரம்.

இதற்குச் சிங்கப்பூரில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 2009-ல் தொடங்கிய 'கிரீன் மேன் பிளஸ்' என்ற ஏற்பாடு. சிக்னல் கம்பத்தில் பட்டனுக்கு மேலே ஒரு கார்டு ரீடர் இருக்கும். முதியவர்கள் பஸ், ரயிலுக்குப் பயன்படுத்தும் தங்கள் சலுகை அட்டையை அதில் காட்டினால், சாலையின் அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 வினாடி வரை பச்சை மனிதர் கூடுதலாக நிற்பார். அட்டை காட்டாதபோது வண்டிகளுக்கு எந்தத் தாமதமும் இல்லை. புரோகிராமில் இருப்பது ஒரே ஒரு 'இஃப்' வரி: அட்டை காட்டப்பட்டதா, ஆம் எனில் இத்தனை வினாடி கூட்டு. இவ்வளவுதான்!

நான் அங்கே இருந்தபோது அம்மா இரண்டு வாரம் வந்து தங்கினார். பச்சை மனிதர் எரிந்தபிறகும் ரோட்டில் இறங்க மாட்டேன் என்று நின்றார். "வண்டிக்காரன் நிப்பான்னு என்ன நிச்சயம்?" என்று கேட்டார். மூன்றாம் நாள்தான் நம்பிக்கை வந்தது. நூம்பலுக்குத் திரும்பியதும் பழைய முறைக்கே வந்துவிட்டார்: இடது கையில் பை, வலது கையை வண்டிகளின் பக்கம் நீட்டி, உள்ளங்கையைக் காட்டிக்கொண்டே நடப்பது. யோசித்துப் பார்த்தால் நம் ஊரின் உண்மையான பாதசாரி சிக்னல் அந்தக் கைதான். மின்சாரம் வேண்டாம், எல்லா லாரி டிரைவருக்கும் புரியும். மழையிலும் இருட்டிலும் மட்டும் வேலை செய்யாது.

உங்கள் தெருமுனையை ஓட்டிப் பாருங்கள்

இனி சாஃப்ட்வேருக்கு வருவோம். பெயர் 'சுமோ'. கார் அல்ல! ஜெர்மனியின் விண்வெளி ஆய்வு நிறுவனமான டி.எல்.ஆர். 2001 முதல் வளர்த்துவரும் போக்குவரத்து சிமுலேஷன் சாஃப்ட்வேர். முற்றிலும் இலவசம். இன்று 'எக்லிப்ஸ்' அமைப்பின்கீழ் இருப்பதால் கூகுளில் 'எக்லிப்ஸ் சுமோ' என்று ஆங்கிலத்தில் தேடினால் சரியான தளம் வரும். டவுன்லோடு பகுதியில் விண்டோஸுக்கான இன்ஸ்டாலரை எடுத்துக்கொள்ளுங்கள். பைத்தான் என்ற இன்னொரு இலவச சாஃப்ட்வேரும் கம்ப்யூட்டரில் இருக்கவேண்டும். இரண்டையும் இன்ஸ்டால் செய்ததும் ஸ்டார்ட் மெனுவில் 'ஓ.எஸ்.எம். வெப் விசார்ட்' என்று ஒன்று தெரியும். அதை க்ளிக் செய்யுங்கள்.

பிரவுசர் திறந்து ஒரு மேப் தோன்றும். முதலில் பெர்லின் நகரம் தெரியும், பயப்படாதீர்கள். மேப்பை மவுஸால் இழுத்து உங்கள் ஊருக்கு வாருங்கள். நான் நூம்பலுக்கு வந்து, நெடுஞ்சாலை ஒரு பக்கம் வரும்படி ஒரு சின்னச் சதுரத்தைத் தேர்ந்தெடுத்தேன். பெரிய பகுதியைத் தேர்ந்தெடுத்தால் கம்ப்யூட்டர் திணறும். வலது பக்கத்தில் 'லெஃப்ட் ஹேண்ட் டிராஃபிக்' என்ற கட்டத்தில் டிக் போட மறக்கவேண்டாம். போடாவிட்டால் நூம்பல் முழுவதும் அமெரிக்கா மாதிரி வலது பக்கம் ஓடும்! எந்த எந்த வண்டி வேண்டும் என்ற பட்டியலில் கார், பஸ், லாரி, மோட்டார் சைக்கிள், பாதசாரி எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு 'ஜெனரேட் சினாரியோ' பட்டனை அழுத்துங்கள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு விண்டோ திறக்கும். பச்சை முக்கோணத்தை அழுத்தினால் வண்டிகள் ஓடத்தொடங்கும். கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் பறந்தால், மேலே 'டிலே' என்ற இடத்தில் 100 என்று கொடுங்கள்.

சரி, ஓடுகிறது. ஆனால் உற்றுப் பாருங்கள். பெயர்தான் நூம்பல், ஓட்டம் பெர்லின். ஒவ்வொரு வண்டியும் முன்னால் நிற்கும் வண்டிக்கு 2.5 மீட்டர் இடைவெளி விட்டு நிற்கிறது. அந்த இடைவெளியில் நம் ஊரில் இரண்டு பைக்கும் ஒரு பூக்காரரும் நிற்பார்கள். பைக்குகள் காருக்குப் பின்னால் சமர்த்தாக வரிசையில் காத்திருக்கின்றன. சிவப்பை யாரும் மீறவில்லை.

இதையெல்லாம் மாற்றலாம் என்பதுதான் சுவாரசியம். விசார்ட் தேதி, நேரம் போட்டு ஒரு ஃபோல்டர் உருவாக்கியிருக்கும். அதில் உள்ள ஃபைல்களை நோட்பேடில் திறக்கமுடியும் (முதலில் ஃபோல்டரைக் காப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்). வண்டி வகையைச் சொல்லும் வரியில் 'மின் கேப்' என்ற அளவை 2.5-லிருந்து அரை மீட்டராக்கலாம். அமைப்பு ஃபைலில் 'லேட்டரல் ரெசல்யூஷன்' என்பதற்கு 0.8 என்று கொடுத்தால் லேனுக்குள் பக்கவாட்டில் நுழைந்து போக அனுமதி கிடைக்கும். பைக்குகள் சந்தில் புகுந்து முன்வரிசைக்கு வந்துவிடும். 'டிரைவ் ஆஃப்டர் ரெட் டைம்' என்று ஒரு அளவு இருக்கிறது. சிவப்பு விழுந்து இத்தனை வினாடிக்குள் என்றால் நிற்காமல் போகலாம் என்று அர்த்தம். ஜெர்மன்காரர்கள் எழுதிய சாஃப்ட்வேரில் இதற்கும் ஓர் இடம் ஒதுக்கியிருப்பதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆக, ஊர்ப் பழக்கம் என்று நாம் சொல்வதெல்லாம் இங்கே நோட்பேடில் திருத்தக்கூடிய சில எண்கள்.

பாதசாரியின் வேகத்தையும் திருத்தலாம். சுமோவில் மனிதர்கள் வழக்கமாக மணிக்கு 5 கி.மீ. நடக்கிறார்கள், அதாவது வினாடிக்கு 1.39 மீட்டர். பெடஸ்ட்ரியன் என்ற சொல் வரும் ஃபைலைத் திறந்து, அந்த வகையைச் சொல்லும் வரியில் 'மேக்ஸ் ஸ்பீடு' 0.77 என்று சேர்த்தேன். சிக்னல் நேரத்தை மாற்ற சுமோவுடனேயே வரும் 'நெட் எடிட்' என்ற புரோகிராம் உதவும். பாதசாரிகளின் பச்சையைக் கூட்டி ஒருமுறை, கூட்டாமல் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். கூட்டும்போது வண்டிகளின் வரிசை நீண்டதுதான், ஆனால் நான் பயந்த அளவுக்கு இல்லை. இதை யாரிடமாவது கொண்டுபோய் ஆதாரமாகக் காட்டாதீர்கள். வண்டிகளின் எண்ணிக்கை விசார்ட் தானாகப் போட்டது. உங்களுக்கு உண்மையான விடை வேண்டுமானால், ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு திங்கட்கிழமையும் ரோட்டோரம் நின்று நீங்களே எண்ணி, அந்த எண்ணைக் கொடுத்து ஓட்டவேண்டும். தம்பி தங்கைகளைச் சேர்த்துக்கொண்டால் ஒரு மணி நேர வேலை.

திரையில் 0.77 வேகத்தில் ஒரு பொம்மை நடந்துகொண்டிருந்தபோது அம்மா காபியோடு வந்து பின்னால் நின்றார். இதுதான் நீங்கள் என்று காட்டினேன். பாதசாரிகளின் பச்சை முடிந்து வண்டிகளுக்குப் பச்சை விழுந்தது. பொம்மை இன்னும் ரோட்டின் நடுவில் இருந்தது. வரிசையின் முதல் கார் நகராமல், அது கடந்து முடிக்கும்வரை காத்திருந்தது. சுமோவில் நடப்பவர்மீது வண்டி ஏற்றக்கூடாது என்பது யாரும் திருத்தாதவரை மாறாத விதி.

அம்மா இரண்டு முறை பார்த்தார். "கார் நிக்குதே? அப்ப இது நூம்பல் இல்லடா" என்று சொல்லிவிட்டு டம்ளரை வைத்துவிட்டுப் போனார்.